மிச்சத்தில் இரண்டாவது பேஸ்

லண்டன் ஹரோவின் ஒட்டிக் கட்டிய வீடுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தன. தோளில் கன்வஸ் பை. கக்கத்தில் பழைய சாரத்தில் சுற்றிய, காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாப் பொட்டலம். பாலன் அண்ணை வீட்டிலிருந்து வெளிக்கிட்டு அரை மைல் நடந்திருப்பேன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவர் இன்னும் கேற்றடியில் நிற்பது தெரிந்திருக்கும். அந்த முகத்துக்காகத் திரும்பியும் போயிருப்பேன்.

பாலன் அண்ணை என் பெரியப்பாவின் மகன். கணக்காளர். கிரேக்கக் கப்பல் ஒன்றை விட்டிறங்கி லண்டனுக்கு வந்த என்னை வீட்டில் வைத்துச் சோறு போட்டவர். வேலை செய்யும் அனுமதி கைக்கு வந்ததும் தன் அலுவலகத்திலேயே எனக்கு ஒரு மேசை பார்த்துவைத்தார். பின்னேரத்தில் இங்கிலிஷ் வகுப்பு, சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்புக்குக் கதிரை அடுக்கும் பொறுப்பு, இரண்டு வருடத்தில் ஒரு சேட்டிபிக்கற். எல்லாம் நல்ல யோசனைகள். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு அந்த மேசையைப் பார்த்ததும் மூச்சு முட்டியது.

"ஒரு இடத்திலை இருக்க உனக்கு ஏலாதோடா?" என்று காலையில் கேட்டார்.

"ஏலாது அண்ணை. குகன்ரை பாசலைக் குடுத்திட்டு அங்காலை ஏதும் வேலை பாக்கிறன்."

பொட்டலம் என் கப்பல் கூட்டாளி குகனுடையது. தெற்கு லண்டனில் மிச்சம் என்ற ஊரில் கடை வைத்திருக்கும் தன் தமையன் யோகனிடம் சேர்க்கச் சொல்லித் தந்திருந்தான். வண்டு பிடிப்பதற்குள் மாவைக் கொடுத்துவிட வேண்டும் என்பது எனக்கு நல்ல சாட்டாகப் போயிற்று.

எண்பதுகளின் நடுப்பகுதி. அந்த லண்டனை நினைத்தால் எனக்கு முதலில் வருவது மணம்தான். மண்ணெண்ணெய் ஹீற்றர், ஈரக் கம்பளி, பஸ்ஸின் மேல்தட்டில் சிகரெட் புகை. இப்போதைய லண்டனுக்கு மணமே இல்லை. அல்லது என் மூக்குக்கு வயதாகிவிட்டது.

விக்டோரியாவில் ரெயிலை விட்டு இறங்கி, பஸ் தரிப்பில் நின்ற ஒரு மனிதரைப் பார்த்தேன். நெற்றியில் மெல்லிய திருநீறு. சந்தேகமே இல்லை, எங்கள் ஆள்.

"ஐயா, மிச்சம் எங்கை?" என்றேன்.

அவர் கோட்டுப் பையைத் தொட்டுப் பார்த்தார். "சில்லறையா இல்லீங்களே. எல்லாம் நோட்டாத்தான் இருக்கு."

"காசு கேக்கேல்லை ஐயா. மிச்சம். போற இடம்."

கொஞ்ச நேரம் யோசித்தவர் சிரிக்கத் தொடங்கினார். "மிட்சமா? ஆமா, ஆமா. நான் நீங்க மிச்சம் மீதி கேக்குறீங்கன்னுல்ல நினைச்சேன். தப்பா எடுத்துக்காதீங்க." மதுரைப் பக்கத்து டாக்டர். தவறு செய்துவிட்ட சங்கடத்தில் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஒரு பஸ்ஸில் ஏற்றிவிட்டார். இலக்கம் சரியான இலக்கம்தான். திசைதான் எதிர்த் திசை. சூட்டுக்கு நான் நித்திரையாகிவிட்டேன். கடைசித் தரிப்பில் ஜமேக்காக் கண்டக்டர் தோளைத் தட்டி எழுப்பினார். "மகனே, நீ கேட்ட இடம் ஆற்றுக்கு அந்தப் பக்கம். நாங்கள் இந்தப் பக்கத்தையே முடித்துவிட்டோம்" என்றார்.

விக்டோரியாவுக்குத் திரும்பி, அன்றிரவு கோச் நிலையத்தின் மரவாங்கில் பொட்டலத்தைத் தலைக்கு வைத்துப் படுத்தேன். இரவுச் சாப்பாடு காகிதத்தில் சுற்றிய சிப்ஸ், மேலே வினிகர். கப்பலில் இதைவிட மோசமான படுக்கைகளில் கிடந்திருக்கிறேன். விடியத் தலைமயிரெல்லாம் மா.

சனிக்கிழமை மத்தியானம் யோகண்ணையின் கடை வாசலில் நின்றேன். நாற்பது வயது, கட்டையான மனிதர், பென்சில் காதில். பொட்டலத்தை அவிழ்த்து மணந்து பார்த்தார். பிறகு என் தலையையும் பார்த்தார்.

"பாதி மா உன்ரை தலையிலை கிடக்கு. தலையைத் தட்டினா இன்னும் ஒரு கூழுக்குக் காணும்" என்றார். உள்ளே திரும்பி, "மலர், கூழுக்கு உலையை வை" என்று கூப்பிட்டார். மனைவி மலரக்கா எட்டிப் பார்த்து, நான் யாரென்று கேட்காமலே ஒரு கோப்பை கூடுதலாக வைத்தார்.

மிச்சத்தில் அன்று ஒடியல் கூழுக்குப் போடும் நண்டும் இறாலும் வாங்க ஒரு பஸ் எடுக்கவேண்டும். யோகண்ணை எடுத்துப் போய் வந்தார். பலாக்கொட்டை கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக மலரக்கா போட்டது ஏதோ இங்கிலிஷ் அவரை. கடையின் பின்னறையில் மூன்று பேரும் கூழ் குடிக்க உட்கார்ந்த நேரம் பின்கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெரிய வெள்ளைக்காரர் நொண்டி நொண்டி உள்ளே வந்தார். அறுபது வயது தாண்டியிருக்கும். தலையில் தொப்பி, வாயில் அணைந்த சுருட்டு.

"எல்மர் அண்ணை, எங்கடை பால்காரர்" என்று யோகண்ணை அறிமுகம் செய்தார். "அமெரிக்கன். எயர்போர்சிலை வந்து இஞ்சை கலியாணம் கட்டி நிண்டிட்டார். ஊரிலை பேஸ்போல் விளையாடிச் சம்பளம் எடுத்தவர். எக்ஸ்ட்ராவிலை சாதனை வைச்சிருக்கிறார்."

"எக்ஸ்ட்ராவிலையோ?" என்றேன். எனக்குத் தெரிந்த எக்ஸ்ட்ரா கிரிக்கெட்டில் வருவது. வைட், நோபோல், பை. அடிப்பவன் கணக்கில் சேராத ஓட்டங்கள். "அது பந்து போடுறவன்ரை பிழையெல்லோ அண்ணை. அதிலை என்ன சாதனை?"

"நானும் முதல் அப்பிடித்தான் கேட்டனான். ஒரு கிழமை புளிச்ச பால் தந்தவர்."

எல்மருக்குத் தமிழ் விளங்காது. எக்ஸ்ட்ரா என்ற சொல்லும் எங்கள் சிரிப்பும் போதுமாயிருந்தது. மேசையில் கிடந்த மூன்று கோப்பைகளோடு இன்னொன்றையும் எடுத்து நான்கு மூலைகளில் வைத்தார். ஒவ்வொன்றும் ஓடுபவன் தொட்டு நிற்கவேண்டிய ஒரு பேஸ். அடித்துவிட்டு முதல் கோப்பைக்கு ஓடினால் ஒரு பேஸ். அது எவனும் செய்வது. இரண்டாவதுக்கோ மூன்றாவதுக்கோ ஒரே ஓட்டத்தில் போனாலும், பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பிவிட்டு முழுச் சுற்றும் வந்தாலும், அவைதான் எக்ஸ்ட்ரா பேஸ் அடிகள். விளையாட்டு வாழ்க்கை முழுவதிலும் அப்படி எத்தனை என்று கூட்டி வைத்திருப்பார்கள். பெரிய லீக்கில் இரண்டு பேஸ் அடிகளுக்கும் மூன்று பேஸ் அடிகளுக்கும் முதலிடத்தில் இருப்பவர்கள் தன் தகப்பன் காலத்து ஆட்கள் என்றார். அந்த மூன்றாவது கோப்பையின் சாதனையை இனி எவனும் தொடமாட்டான், ஏனென்றால் அன்றைய மைதானங்கள் விசாலம், பந்து உருண்டுகொண்டே போகும், மனிதன் ஓடிக்கொண்டே இருப்பான். எல்லாவற்றையும் கூட்டினால் முதலில் நிற்பவர் பத்து வருடத்துக்கு முன்வரை ஆடியவர். "அவர் ஆடிய மைதானத்தில் புல் வெட்டக்கூட என்னை விட்டிருக்கமாட்டார்கள்" என்று சொல்லிவிட்டு முதலாவது கோப்பையிலிருந்த என் கூழை எடுத்துக் குடித்தார்.

முகம் சிவந்தது. கண்ணில் தண்ணீர். மலரக்கா பதறிப்போய்த் தண்ணீர் எடுத்துவந்தார். எல்மர் கையை ஆட்டி மறுத்தார். "எங்கள் தெற்கில் இப்படி ஒன்று சமைப்பார்கள். நண்டு போட்டு, இதே அளவு உறைப்பாக. முப்பது வருடமாக நாக்கு இதைத் தேடியிருக்கிறது, எதைத் தேடுகிறதென்று எனக்குத்தான் தெரியவில்லை" என்றார். கோப்பையை அடிவரை வழித்துக் குடித்தார்.

பிறகுதான் தன் கதையைச் சொன்னார். அவர் ஆடியது தெற்கின் சிறு பட்டணங்களுக்கிடையிலான ஒரு சின்ன லீக். சம்பளம் சாப்பாட்டுக்குக் காணும், படுக்கை பஸ்ஸில். வருடக் கணக்காக ஆடி, அந்த லீக்கில் எக்ஸ்ட்ரா பேஸ் அடிகளில் முன்னால் நின்ற ஒரு பழைய ஆட்டக்காரரை எட்டிப் பிடித்தார். இருவரும் சமம். கடைசி ஆட்டத்தின் தொடக்கத்திலேயே பந்தை மூலைக்கு அடித்துவிட்டு இரண்டாவது பேஸில் போய் நின்றார். சாதனை அவருடையது. மழை வந்தது.

"பேஸ்போலில் ஐந்து இன்னிங்ஸ் முடிவதற்குள் மழை ஆட்டத்தை நிறுத்தினால், நடந்தது எதுவும் நடக்கவில்லை. அடித்த அடியும் இல்லை, ஓடிய ஓட்டமும் இல்லை" என்றார். "நான் அந்த பேஸில் நனைந்துகொண்டு நின்றேன். இறங்க மனமில்லை."

அடுத்த வருடம் அந்த லீக்கே இல்லாமற்போனது. ஊர்களில் தொலைக்காட்சி வந்துவிட்டது, மைதானத்துக்கு ஆட்கள் வரவில்லை. சமம் என்றது சமமாகவே நின்றுவிட்டது.

"கிரிக்கெட்டிலை எண்டா மழை என்ன, புயல் வந்தாலும் அடிச்சது அடிச்சதுதான்" என்று யோகண்ணை எனக்குச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "எங்களுக்கு இஞ்சை ஒரு பேஸ்போல் ரீம் இருக்கு. நாளைக்கு அவரின்ரை கடைசி மட்ச். ஆஸ்பத்திரியிலை இடுப்பெலும்பை வெட்டப்போகினம். இந்த வருசம் முழுக்க முதல் பேஸைத் தாண்டேல்லை. கால் இழுக்குது. ஒருக்காலாவது ரெண்டாம் பேஸிலை தன்ரை காலிலை போய் நிக்கவேணும் எண்டு நிக்கிறார். ஆரும் பாவம் பாத்து விட்டுக்குடுத்தா தூசணத்திலை பேசுவார்."

எதிர் அணி ஆற்றுக்கு வடக்கிலிருந்து வரும், எப்போதும் ஓராள் குறையும் என்றார்கள். என்னைக் காட்டி, எறியத் தெரியுமா என்று எல்மர் கேட்டார்.

"எல்லே விளையாடினனியெல்லோ?" என்றார் யோகண்ணை. பள்ளிக்கூடத்தில் மூங்கில் தடியும் டென்னிஸ் பந்துமாக நாங்கள் ஆடிய எல்லேயைப் பாடங்களைவிட ஒழுங்காகப் படித்தவன் நான். ஓம் என்றேன். "அதேதான். கல்லு மாதிரிப் பந்து, கையுக்கு ஒரு உறை. வேறை ஒரு வித்தியாசமும் இல்லை."

ஞாயிற்றுக்கிழமை வானம் வெளித்திருந்தது. மைதானம் என்று சொன்ன இடம் ஒரு பொதுப் பூங்காவின் மூலை. ஒரு பக்கம் உதைபந்தாட்டக் கம்பங்கள், மறுபக்கம் நாயோடு நடக்கும் கிழவிகள். அமெரிக்க மாணவர்கள், இரண்டு கனடாக்காரர், கிரிக்கெட்டில் இடம் கிடைக்காத இங்கிலிஷ்காரர்கள், யோகண்ணை. எல்மரின் மனைவி டொரீன் மடக்குக் கதிரையில் கம்பளிப் போர்வையோடு இருந்து புள்ளிகள் குறித்தார். எந்த அடி என்ன அடி என்று தீர்மானிப்பதும் அவர்தான். என்னை அழைத்து ஒரு சீஸ் சான்விச்சும் பிளாஸ்கிலிருந்து தேநீரும் தந்தார். "என் கணவர் இன்று சாப்பிடவில்லை. அதனால் இது மிஞ்சுகிறது" என்றார்.

எதிர் அணி என்னை வலது கோடியில் நிறுத்தியது. உதவாதவனை நிறுத்தும் இடம் அது என்று பிறகு அறிந்தேன். நெடுநேரம் அந்தப் பக்கம் பந்து வரவேயில்லை. ஒரு நாய் மட்டும் வந்து மணந்துவிட்டுப் போனது.

எல்மர் முதல் தடவை அடித்துப் பிடிகொடுத்தார். இரண்டாம் தடவை ஒரு பேஸ், அங்கேயே நின்றார். கடைசி இன்னிங்ஸில் மறுபடி வந்தார். பந்து போட்ட மாணவன் மெல்ல ஒன்றை நடுவில் போட்டான். எல்மர் மட்டையை அசைக்காமல் அதைப் போகவிட்டார். "எனக்குப் பிச்சை போடாதே, பையா. உன் பந்தைப் போடு" என்றார். அந்தப் பக்கமிருந்து வலது கோடிவரை கேட்டது. மாணவன் முகம் சிவந்து அடுத்ததை உண்மையான வேகத்தில் போட்டான்.

மட்டையில் பட்ட சத்தம் வேறு சத்தமாக இருந்தது. பந்து என் பக்கக் கோட்டை ஒட்டிப் புல்லில் வழுக்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனது. துரத்திக்கொண்டு ஓடினேன். எடுத்துத் திரும்பியபோது எல்மர் முதல் பேஸைக் கடந்து இரண்டாவதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். ஓட்டம் என்று சொல்லமுடியாது. ஒரு காலை மற்றக் கால் இழுத்துக்கொண்டு போனது. இரண்டாவது பேஸில் நின்ற கனடாக்காரன் கையுறையை விரித்து என்னிடம் பந்து கேட்டான்.

அவன் ஏன் கேட்கிறான் என்று எனக்கு விளங்கவில்லை. எல்லேயில் ஓடுபவனைப் பந்தால் எறிந்து அடித்தால் அவன் அவுட். பேஸில் நிற்பவனுக்கு எறிந்து யாரும் நேரத்தை வீணாக்கமாட்டார்கள். எனக்கு முன்னால் ஓர் அகலமான முதுகு போய்க்கொண்டிருந்தது. குறி பார்த்து எறிந்தேன்.

பந்து தோள்பட்டைகளுக்கு நடுவில் பட்டது. எல்மர் முன்னுக்கு விழுந்தார். பந்து தெறித்து எங்கோ போனது. நான் இரண்டு கையையும் தூக்கி "அவுட்" என்று கத்தினேன். மைதானம் முழுவதும் என்னைப் பார்த்தது.

எல்மர் புல்லில் தவழ்ந்து போய் இரண்டாவது பேஸைக் கையால் தொட்டார். பிறகு எழும்பி அதன்மேல் நின்றார். நடுவர் கைகளை விரித்து அவர் நிற்கலாம் என்றார். எல்லோரும் கைதட்டத் தொடங்கினார்கள், எதிர் அணியும் சேர்ந்து. யோகண்ணை கோட்டுக்கு அப்பாலிருந்து ஓடி வந்தார்.

"விசரா, மனுசனைக் கொல்லப் பாத்தியேடா?"

"நீங்கள்தானே அண்ணை எல்லே எண்டு சொன்னனீங்கள்."

"எல்லே மாதிரி எண்டு சொன்னனான். ஆளுக்கு எறியச் சொன்னனானே?"

டொரீன் பென்சிலை எடுத்து இரண்டு பேஸ் அடி என்று குறித்துவிட்டுத் தலையைத் தூக்கினார். முகமெல்லாம் சிரிப்பு. எல்மர் பேஸிலிருந்து கையைக் காட்டி அவரை நிறுத்தினார். ஆட்டம் நின்றது. என்னை அருகில் வரச் சொன்னார்.

"உனக்கு விதி தெரியாது. அது சரி. ஒன்று மட்டும் சொல்" என்றார். மூச்சு வாங்கியது. "என் முதுகை விட்டுவிட்டு அவனுடைய கையுறைக்கு எறிந்திருந்தால், நான் இங்கே வந்திருப்பேனா?"

விளங்கிவிட்டது. வந்திருப்பார் என்றால் இரண்டு பேஸ் அடி, அவருடைய காலால் எடுத்தது. வந்திருக்கமாட்டார் என்றால் ஒரு பேஸ்தான் அவருடையது, மற்றது என் பிழையால் கிடைத்தது. நின்ற இடம் ஒன்றுதான், பேர்தான் வேறு.

"ஓம் எண்டு சொல்லடா" என்றார் யோகண்ணை பல்லுக்குள். "வந்திருப்பார் எண்டு சொல்லு. வாயைத் திற."

பொய் சொல்ல எனக்குத் தயக்கம் கிடையாது. வெல்டிங் தெரியும் என்று பொய் சொல்லித்தான் முதல் கப்பலில் ஏறினேன். பாலன் அண்ணைக்கு நான் சொன்ன பொய்களை வைத்து ஒரு வீடு கட்டலாம். ஆனால் அந்த மனிதர் என்னிடம் வேறெதையும் கேட்கவில்லை, என் கை எறிந்த எறியைப் பற்றிக் கேட்டார். எறிந்த கைக்கு அது தெரிந்திருந்தது. கனடாக்காரனின் கையுறை விரிந்திருந்தது, எல்மர் இன்னும் நாலைந்து அடி பின்னால் நின்றார்.

"இல்லை, சேர்" என்றேன். "நீங்கள் அவுட்."

யோகண்ணை தலையில் கைவைத்துக்கொண்டு திரும்பி நடந்தார்.

எல்மர் முழங்காலில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டார். பிறகு டொரீனைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினார். டொரீன் அசையவில்லை. எல்மரும் விரலை இறக்கவில்லை. கடைசியில் அந்த அம்மா போர்வைக்குள்ளிருந்து அழிறப்பரை எடுத்தார். என் பேருக்கு ஒரு பிழை எழுதவேண்டும் என்று பேரைக் கேட்டார். சொன்னேன். எழுத்துக் கூட்டச் சொன்னார். நீளமான பேர், நேரம் எடுத்தது. எல்மர் அவ்வளவு நேரமும் இரண்டாவது பேஸில் நின்றார். அடுத்து வந்தவன் பிடிகொடுத்தான். ஆட்டம் முடிந்தது. எல்லோரும் பைகளைக் கட்டும்போதும் அவர் இறங்கவில்லை. டொரீன் போர்வையைக் கொண்டுபோய் அவர் தோளில் போட்டு, பக்கத்தில் நின்றார்.

இப்போது அந்தப் பக்கம் டிராம் ஓடுகிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு வேலையாகப் போனபோது பூங்காவுக்குள் நடந்து பார்த்தேன். இரண்டாவது பேஸ் இருந்த இடம் எதுவென்று என்னால் சொல்லமுடியவில்லை. உதைபந்தாட்டக் கம்பங்களைக்கூட இடம் மாற்றிவிட்டார்கள். அந்த மூலையில் கேட்ட பாஷைகளையும், செப்டம்பர் வெயிலையும், புல்லை வெட்டிய மணத்தையும் நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

அன்று நானும் யோகண்ணையும் பேஸ்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தபோது எல்மர் நொண்டிக்கொண்டு வந்தார். சட்டையை முதுகில் ஒட்டவிடாமல் கையால் இழுத்துப் பிடித்திருந்தார்.

"வேலை இருக்கிறதா உனக்கு?"

"இல்லை."

"விடிய முதல் எழும்புவாயா?"

"கப்பலில் இருந்தவன், சேர்."

"ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை, பால் போத்தல் வைக்க வீடு வீடாகப் படி ஏற என்னால் முடியாது. என் இடுப்பு உனக்குத் தெரியும்தானே, எல்லோருக்கும் முன்னால் அளந்து சொன்னாயே." சாக்கை என் கையிலிருந்து வாங்கி யோகண்ணையிடம் கொடுத்தார். "நாளைக்கு வா."

"உங்களுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லையா?" என்று யோகண்ணை இங்கிலிஷில் கேட்டார். ஆனால் அன்றிரவு எனக்குப் பாயும் தலையணையும் போட்டுத் தந்ததும் அவர்தான்.

திங்கட்கிழமை இருட்டோடு பால் நிலையத்தில் நின்றேன். மின்சாரத்தில் ஓடும் அந்தத் திறந்த பால்வண்டி ஒரு பூனையைப் போல உறுமிக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தது. பெட்டிகளில் போத்தல்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. மூடிகள் சில வெள்ளி, சில தங்கம். எல்மர் ஓட்டினார். கேற்றடியில் நிறுத்தி விரலைக் காட்டினார், இரண்டு. நான் இரண்டு போத்தலோடு இறங்கி ஓடினேன். படியில் வைத்தேன். அங்கே நின்ற வெறும் போத்தலை எடுத்துக்கொண்டு திரும்பினேன். வண்டி மெல்ல நகரத் தொடங்கியிருந்தது. நான் போத்தலோடு கையை ஓங்கியதை எல்மர் கண்ணாடியில் கண்டுவிட்டார்.

"எறியாதே" என்றார். "ஓடிவந்து கையில் தா."

ஓடிப்போய்க் கொடுத்தேன். அடுத்த வீட்டுக்கு ஒரு விரலைக் காட்டினார்.